உங்க மனசாட்சிய வச்சிக்கினு நாங்க இன்னா செய்றது?

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர். திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் அவருடைய ஊர். ஊர் என்றால் ஊர்த்தெரு. அந்த ஊரின் காலனியில்தான் என் அத்தையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

"மனசே கனத்துப்போச்சிப்பா. அந்தப் பொம்பளைங்கள ஸ்டேஷன்ல வச்சி பண்றத பாக்கவே முடியல. நாமெல்லாம் மனுஷங்கதானா?" என்றார்.

2023 ஏப்ரல் முதல் வாரம் அது. வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் மார்ச் 31ஆம் தேதி வெளியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, தியேட்டர் நிறைந்த கூட்டம். நான் பதில் பேசவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் முள் மாதிரி தைத்துக்கொண்டது. 'நாமெல்லாம்.' அந்த நாமில் நான் எப்போது சேர்ந்தேன்? பொங்கல் வைக்கும்போது நாம் கிடையாது. சாமி ஊர்வலம் வரும்போது நாம் கிடையாது. பிணம் தூக்கிப் போகும் வழியில் நாம் கிடையவே கிடையாது. அங்கெல்லாம் நீங்க வேற, நாங்க வேற. பாவத்தைப் பங்கு போடும்போது மட்டும் 'நாமெல்லாம்' என்று இலை போட்டு உட்கார வைக்கிறார்கள். தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு சொல் இருக்கிறது. அந்த வித்தியாசம் இலக்கண வாத்தியாரைவிடச் சேரிக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தைத் திட்டுவதற்கு அல்ல. அந்தக் கண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு.

முதலில் படத்துக்குக் கொடுக்கவேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். ஜெயமோகனின் 'துணைவன்' கதையை அடிப்படையாக வைத்து எடுத்த படம். மலைக்காட்டில் தலைமறைவாக இருக்கும் பெருமாள் வாத்தியாரைப் பிடிக்கப் போலீஸ் முகாம் போட்டிருக்கிறது. அங்கே ஜீப் டிரைவராகப் புதிதாக வந்து சேருகிறவன் குமரேசன். கரடி தாக்கிக் கிடக்கும் ஒரு மலைவாழ் பெண்ணை, மேலதிகாரி போட்ட விதியை மீறி, ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறான். அதற்காக மன்னிப்புக் கேள் என்கிறான் அதிகாரி. தப்பு செய்யாதபோது எதற்கு மன்னிப்பு என்று நிற்கிறான் குமரேசன். தண்டனை வேலை விழுகிறது. படத்திலேயே உருப்படியான இடம் இதுதான் என்பேன். நல்லது செய்தவனிடம் மன்னிப்புக் கேட்கிற அதிகாரம், ஊரையே அடித்து நொறுக்கிய பிறகு யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. அரசாங்கத்தின் குற்றவுணர்வு இப்படித் தலைகீழாகத்தான் வேலை செய்கிறது என்று படம் போட்டு உடைக்கிறது. காக்கிச் சட்டையைச் சாமியாக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்த தமிழ் சினிமாவில் இது சின்ன விஷயமில்லை.

இனி என் சண்டை. படத்தின் கடைசிப் பகுதியில் மலைக்கிராமத்துப் பெண்களைப் பிடித்து வந்து அடைத்து, துணியை உருவிச் சித்திரவதை செய்கிறார்கள். குமரேசன் நேசிக்கிற பெண்ணும் அவர்களில் ஒருத்தி. பெருமாளைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் இவர்களை விட்டுவிடுவார்கள் என்று அவன் ஓடுகிறான். இங்கே கதறல், அங்கே ஓட்டம். மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். யாருக்காக நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது? ஓடுகிறவனுக்காக. அந்தப் பெண்களின் நிர்வாணம் அவனுடைய மனசாட்சிக்கு ஊற்றப்படும் பெட்ரோல். அவனுக்குப் பெயர் இருக்கிறது, அம்மா இருக்கிறாள், அம்மாவுக்குக் கடிதம் எழுத வாய் இருக்கிறது. கதை முழுவதும் அந்தக் கடிதத்தின் குரலில்தான் நமக்கு வருகிறது. வரிசையாக நிற்க வைக்கப்பட்ட அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குப் பெயர் தெரியும் உங்களுக்கு? அவர்கள் யாருக்கு என்ன கடிதம் எழுதினார்கள்?

குற்றவுணர்வுப் படம் என்றாலே இந்த அமைப்புதான். உதைத்தவனின், அல்லது உதைக்கிற கூட்டத்தில் நின்றவனின் தூக்கம் கெடுவதுதான் கதை. உதை வாங்கியவன் அவன் தூக்கத்தைக் கெடுக்கிற கனவாக வந்து போகவேண்டும். நம்முடைய காயம்கூட அவனுடைய உள்மன நாடகத்துக்குத் திரைச்சீலை. பார்க்கிறவனுக்கும் வசதி. அவன் தன்னை அதிகாரியோடு பொருத்திப் பார்ப்பதில்லை, குமரேசனோடு பொருத்திக்கொள்கிறான். 'நானும் நல்லவன்தான், மாட்டிக்கொண்டேன்' என்று இருட்டில் அழுகிறான். என் ஆபீஸ்காரர் அழுததும் அதுதான்.

நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். இந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் வாச்சாத்தி ஞாபகம் வராமல் இருக்காது. எங்கள் செங்கம் பக்கத்துக்கு அடுத்து அரூர், அங்கே சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வர 19 வருஷம் ஆனது. அதற்குள் 54 பேர் செத்துப் போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அவர்களில் 17 பேர் மீது வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது.

படத்தில் ஒரு குமரேசன். வாச்சாத்தியில் 269 பேர். அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது எவனுடைய மனசாட்சி? மனசு கேட்காமல் ராத்திரி எழுந்து ஓடிவந்த டிரைவரா? இல்லை. அந்தப் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாது, உங்களுக்குச் சட்டம் தெரியுமா என்று கிண்டல் செய்யப்பட்டவர்கள். தங்களைக் கெடுத்தவன் முகத்தை வரிசையில் பார்த்து, இவன்தான் என்று கையை நீட்டியவர்கள். அவர்களோடு நின்ற மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்ட் தோழர்களும் வக்கீல்களும். சினிமாவில் மனசாட்சி ஓடுகிறது. வாச்சாத்தியில் சாட்சி நடந்தது, 19 வருஷம், கோர்ட்டுக்கும் ஊருக்குமாக. இதற்குப் பின்னணி இசை போட முடியாது. இருபது தடவை வாய்தா வாங்கிய நாளை எந்த கேமராவில் காட்டுவது?

'விடுதலை' வெளிவந்த அதே மார்ச் மாதத்தில் உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போனார். இடத்தைப் பார்த்தார், ஜனங்களிடம் பேசினார். 2023 செப்டம்பர் 29 அன்று எல்லா மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தார். அந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்பதைக் குற்றவுணர்வுக் கலைஞர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்கவேண்டும். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய். அதில் பாதியை வன்கொடுமை செய்த குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவேண்டும். அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கவேண்டும். யார் கை, யார் உத்தரவு, யார் கண்ணை மூடிக்கொண்டது, யார் எவ்வளவு கட்டவேண்டும். அழு என்று ஒரு வரி இல்லை. வருத்தப்படு என்று ஒரு வரி இல்லை. பொறுப்பு என்பதற்கு அர்த்தம் இதுதான். அதற்கு முகவரி உண்டு, தொகை உண்டு, தேதி உண்டு. குற்றவுணர்வுக்கு இது எதுவும் கிடையாது.

ஜெர்மனியில் நாஜிகள் வீழ்ந்த கையோடு, 1946இல், கார்ல் யாஸ்பர்ஸ் என்ற தத்துவவாதி குற்றத்தை நான்காகப் பிரித்து எழுதினார். சட்டம் தண்டிக்கிற குற்றம் ஒன்று. தனி மனிதன் தன் மனசாட்சிக்குப் பதில் சொல்லவேண்டிய குற்றம் ஒன்று. ஒரு நாட்டின் குடிமகனாக இருந்த காரணத்தால், நீ நேரடியாகக் கொல்லாவிட்டாலும், பின்விளைவை ஏற்று இழப்பீடு கொடுக்கவேண்டிய அரசியல் பொறுப்பு ஒன்று. கடவுள் முன்னால் நிற்கவேண்டிய குற்றம் கடைசி. நம் ஊரில் இந்த நான்கையும் கலக்கி ஒரே பாயசமாக்கி, கடைசியில் சாமி தலையில் கொட்டிவிடுகிறார்கள். அதுவும் எங்கள் திருவண்ணாமலையில் கேட்கவே வேண்டாம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். வழியில் எட்டு லிங்கம். ஒரு சுற்று வந்தால் இந்த ஜென்மத்துப் பாவம் மட்டுமல்ல, போன ஜென்மத்துப் பாவமும் போய்விடும். யாருக்குச் செய்த பாவமோ அவனிடம் போய் நிற்கவேண்டிய அவசியமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்து அழுத நண்பர், புதன்கிழமை ராத்திரி பங்குனிப் பௌர்ணமிக்கு கிரிவலம் போனார். வியாழக்கிழமை காலையில் அந்தப் பாதையைக் கூட்டப் போனவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. ஒப்பந்தத் துப்புரவு வேலை. இலை, தொன்னை, பிளாஸ்டிக் கப், தண்ணி பாட்டில், அறுந்த செருப்பு, குழந்தை பேண்ட துணி. லட்சக்கணக்கான பேர் பாவத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். அதை வாரி வண்டியில் போடுவது யாருடைய சாதி என்று நான் சொல்லவேண்டுமா? வீட்டுக்கு வந்த அம்மாவிடம் படத்தைப் பற்றியும் அந்த ஆள் அழுததைப் பற்றியும் சொன்னேன். காலை நீட்டி உட்கார்ந்து, வெத்தலையை மடித்துக்கொண்டே கேட்டது:

"அழுதுட்டுப் போறவன் கூட்டிட்டாடா போறான்?"

யாஸ்பர்ஸ் புத்தகம் முழுக்க எழுதியதை ஒரே வரியில் கேட்டுவிட்டது.

இந்தக் கண்ணீர் அரசியல் புதிதல்ல. 1932 செப்டம்பரில் காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். நமக்குக் கிடைத்திருந்த தனித்தொகுதி பறிபோய்ப் பூனா ஒப்பந்தம் வந்தது. தீண்டாமை இந்துக்களின் பாவம், அதைக் கழுவ அவர்களே பிராயச்சித்தம் செய்யவேண்டும் என்பது அவர் கட்சி. பாவமும் அவர்களுடையது, பிராயச்சித்தமும் அவர்களுடையது. அப்புறம் நமக்கு என்ன வேலை? கழுவப்படுவதற்குக் கல்லாகக் கிடப்பதுதான். பாபாசாகேப் அந்த வருஷமே தக்கர் பாபாவுக்கு எழுதிய கடிதத்தில் இதை உடைத்தார். தனி மனிதரைத் திருத்துவதல்ல வேலை. கிணற்றில் தண்ணீர் எடுக்க, பள்ளியில் நுழைய, பொது வண்டியில் ஏற, இந்த உரிமைகளை நிலைநாட்டப் போராடு என்றார். சாதி இந்துவுக்கு நெருக்கடி வந்தால்தான் யோசிக்கவே ஆரம்பிப்பான் என்பது அவர் வாதம். மனமாற்றத்துக்குக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். அங்கே முத்துமாரியம்மன் கோயில் அறநிலையத்துறையின் கீழ் இருக்கிற கோயில்தான். ஆனாலும் ஏறத்தாழ 80 வருஷமாக நம் ஜனங்கள் உள்ளே கால் வைக்க முடியவில்லை. 2023 ஜனவரி 30 அன்று கலெக்டரும் எஸ்.பி.யும் முன்னால் நிற்க, பெரிய போலீஸ் காவலோடு, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பொங்கல் பானையோடு உள்ளே போனார்கள். காந்தியார் செத்த நாள். அவர் சொன்ன பிராயச்சித்தத்தை எதிர்பார்த்திருந்தால் இன்னும் 80 வருஷம் வெளியில் நின்றிருப்பார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயில். அங்கேயும் போலீஸ் காவலோடுதான். ஒரே ஒரு ஊர்க்காரர் கதவைத் திறந்து வைத்து 'வாங்க' என்றிருந்தால் அத்தனை லத்திக்கு வேலையே இருந்திருக்காது.

தென்முடியனூர் செய்தி வந்த அன்று ஆபீசில் இந்த நண்பர் என்ன சொன்னார் தெரியுமா? "போலீஸ வச்சிக்கினு சாமி கும்புட்டா அது சாமியாப்பா? மனசு மாறணும். படிப்படியாத்தான் வரும்." ரெண்டு மாசம் கழித்து சினிமாவில் மலைக்காரப் பெண்களுக்காக அழுகிறார். அந்தப் பெண்கள் அவர் ஊரில் இல்லை. அவர் கோயிலுக்குள் வரப்போவதில்லை. அவர் நிலத்துக்குக் கூலி உயர்த்திக் கேட்கப்போவதில்லை. தூரத்துக் குற்றத்துக்கு அழுவது எவ்வளவு சுகமானது! என் அத்தை அவர் ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று காலனி முனையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. அத்தைக்கு அறுபத்தைந்து வயசு. அவளை வைத்து எவனும் படம் எடுக்கமாட்டான். அதில் ரத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. தினசரி அவமானத்துக்கு கிளைமாக்ஸ் கிடையாது.

மலைக்காரர் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள், தாக்கினார்கள், சுட்டோம் என்றது. செத்தவர்களில் பலர் இந்த மாவட்டத்துக் கூலிக்காரர்கள். ஜவ்வாது மலை, போளூர், படவேடு பக்கத்து ஆட்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர் சொன்னார். விசாரணை நடந்தது, குழு போட்டார்கள். தண்டனை அடைந்த போலீஸ்காரர் ஒருவர் இல்லை. வேலை இல்லாத மலையிலிருந்து ஏஜெண்ட் பிடித்துக் கொண்டுபோன மேஸ்திரி யார், மரத்தை வாங்கிக் கப்பலேற்றிய முதலாளி யார், அவர்களுக்கு எந்தக் குண்டும் இல்லை. திருவண்ணாமலை தியேட்டரில் 'விடுதலை' ஓடியபோது ஜவ்வாது மலையில் அந்த விதவைகள் இருந்தார்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள். நம் மாவட்டத்து வாச்சாத்தி அது. அதற்கு எந்த 269 பேர்? பட்டியலே போடவில்லை.

அப்போ படமே எடுக்கக்கூடாதா என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். எடுங்கள். இருட்டான படங்களை இன்னும் இருட்டாக எடுங்கள். ஆனால் யாருடைய தூக்கம் கெட்டது என்பதிலேயே நிற்காதீர்கள். சாட்சிக் கூண்டில் நின்றவளின் கதையைச் சொல்லுங்கள். அவள் பஸ்ஸுக்கு யாரிடம் கடன் வாங்கினாள், குறுக்கு விசாரணையில் என்ன கேட்டார்கள், அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன சமைத்தாள் என்று சொல்லுங்கள். கொடுமையைக் காட்ட ஐந்து நிமிஷம் என்றால், அதற்குப் பொறுப்பேற்க வைத்த 19 வருஷத்துக்கு ஐம்பது நிமிஷம் கொடுங்கள். பார்க்கிறவன் அழுதுகொண்டு வெளியே வரவேண்டாம். தன் ஊர்ப் பெயர் எங்கே வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு வரட்டும்.

நண்பரிடம் கடைசியில் இதையெல்லாம் சொன்னேன். டீக்கடையில், அடுத்த வாரம். கோபப்படவில்லை. பாவம், நல்ல மனுஷன். அதுதான் பிரச்சினையே. "நான் ஒருத்தன் இன்னாப்பா பண்ண முடியும்? நாமெல்லாம் சேர்ந்து மாறணும்" என்றார்.

"நாமெல்லாம் வேணாண்ணே. நான்னு சொல்லுங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தறதுக்கு உங்க ஊர்ல கூட்டம் போடுவாங்க இல்ல, அதுல எழுந்து நின்னு, காலனிக்காரங்களும் உள்ள வந்து பொங்கல் வைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. தோத்தாலும் பரவால்ல. சொன்னேன்னு வந்து என்கிட்ட சொல்லுங்க. அன்னிக்கி உங்க கண்ணீர நான் நம்பறேன்" என்றேன்.

டீ கிளாசை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலாம்" என்றார்.

அந்த ஆடி போய்விட்டது. அதற்கப்புறமும் ஆடி வந்து போனது. 'விடுதலை' இரண்டாம் பாகம் 2024 டிசம்பரில் வந்தபோது கூப்பிட்டார், நல்லா இருக்காம், போகலாமா என்று. நான் வரவில்லை என்றேன். கூட்டத்தில் பேசிவிட்டு வந்தால் டிக்கெட் என் செலவு என்று சொல்லியிருக்கிறேன். அத்தை இன்னும் காலனி முனையில்தான் நின்று கும்பிடுகிறது.